தம்பி முறை

புகை மெஷின் ஓடும் சத்தம் மருத்துவமனைக்குள் கேட்டால் எனக்கு அது வேலை, அவ்வளவுதான். தெருவில் நடக்கும்போது ஏதோ ஒரு வீட்டுச் சன்னலுக்குள்ளிருந்து கேட்டால் நின்றுவிடுகிறேன். யாருக்காக ஓடுகிறது என்று பார்க்கத் தோன்றுகிறது. இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு நெஞ்சக மருத்துவமனையில் ஆய்வுப் பணிகளை ஒழுங்கு செய்வது என் வேலை. நான் சொல்லப்போகிற காலத்தில் ஒரு சிறிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்குகிறவர்களுக்கு, அவர்கள் வழக்கமாக எடுக்கும் மருந்துகளோடு, உப்புநீரை ஆவியாக்கி இழுக்கக் கொடுப்போம். அதற்கான சிறு கருவிதான் நெபுலைசர். எங்கள் பக்கம் புகை மெஷின் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆவி இழுத்து முடித்ததும் மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். சிலருக்கு அடர்த்தியான உப்புநீர், சிலருக்கு நம் உடம்பின் நீர்போல லேசானது. எந்தக் குப்பியில் எது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது. ஆய்வில் சேர்ந்தவர்களுக்குப் பெயரும் கிடையாது, எண்தான். அந்தப் பழக்கத்தில் என் நாட்குறிப்பிலும் நான் பெயர் எழுதுவதில்லை. இங்கும் அப்படியே.

அந்த இருவரும் ஒரே பேருந்தில் வந்தார்கள். ஒருவர் முன்படியிலும் மற்றவர் பின்படியிலும் இறங்கியதை எங்கள் காவலாளி பார்த்துச் சொன்னார். காத்திருக்கும் இடத்தில் ஒருவர் இந்தச் சுவரோரம், மற்றவர் எதிர்ச்சுவரோரம். ஒரே மூக்கு, ஒரே நெற்றி, இருமிவிட்டு மார்பைத் தடவும் கையசைவுகூட ஒன்றுதான். பெரியவரிடம், அவர் உங்கள் தம்பியா என்று கேட்டேன்.

"பங்காளிங்க" என்றார்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில் சாலையைவிட்டு உள்ளே தள்ளி அவர்கள் தோட்டம். வாலிப வயதில் இருவரும் ரிக் லாரியோடு வடக்கே போய் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள். பாறை துளைபடும்போது குழியிலிருந்து வெள்ளை மாவாகக் கிளம்பும் கல்தூளை வருடக்கணக்கில் சுவாசித்திருக்கிறார்கள். வெளிச்சப் பலகையில் இரண்டு எக்ஸ்ரே படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியபோது, எது யாருடையது என்று மூலையிலிருந்த எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. ஊர் திரும்பிய பிறகு பாகம் பிரித்துக்கொண்டார்கள். ரிக்கை விற்ற சமயத்தில் பேச்சு நின்றது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பேசாமல் பத்து வருடம் ஆகிவிட்டது.

மூச்சுப் பயிற்சியை இருவருக்கும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தேன். மூக்கால் மெல்ல இழுத்து, உதட்டைக் குவித்து, காப்பியை ஆற்றுவதுபோல நீளமாக ஊதிவிட வேண்டும். பிறகு நன்றாக இழுத்து, வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய வைப்பதுபோல 'ஹா' என்று தள்ள வேண்டும். அப்போது அடியில் கிடக்கும் சளி மேலே வரும். தம்பி செய்துகாட்டியபோது அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவரு ஊதறதுல ஈர வெறகுகூடப் பத்தாதுங்க."

தம்பியும் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "தூளு பறக்கற கம்ப்ரசர் பக்கத்துல நின்னவரு யாரு, வேப்பமரத்து நெழல்ல நின்னவரு யாருன்னு கேளுங்க அம்முணி."

நான் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் நாடி பார்த்தேன்.

ஒரு வீட்டுக்கு ஒரு கருவி என்பது எங்கள் ஏற்பாடு. இருவருடைய முகவரியும் ஒன்றாக இருந்ததால் ஒரே கருவிதான் கொடுக்கப்பட்டது. முகமூடியும் மருந்துக் கிண்ணமும் ஆளுக்கொன்று. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, தினமும், ஒருவர் முடித்ததும் மற்றவர் என்று தெளிவாகச் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொல்லியும் கேட்டேன். இருவரும் சரியாகச் சொன்னார்கள்.

அடுத்த முறை வந்தபோது ஆளுக்கொரு மஞ்சள் பையில் குப்பிகளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பாதிக் குப்பிகள் உடைக்காமலே இருந்தன. மறதி என்றால் ஒருவருக்கு ஒரு மாதிரி இருக்கும். இருவரிடமும் சரிபாதி மிஞ்சியிருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் என் வேலையில் அடக்கம் என்பதால் கிளம்பினேன்.

ஒரே வாசலுக்குள் இரண்டு வீடுகள் எதிரெதிராக இருந்தன. பெரிய வீட்டில் அண்ணன் தனியாக இருந்தார். மனைவி இறந்துவிட்டார், மகளைக் கரூரில் கட்டிக் கொடுத்திருந்தார். எதிர்வீட்டில் தம்பியும் அவர் மனைவியும். மகன் பெங்களூரில் வேலையில் இருந்தான். இரண்டு வீட்டுக்கும் பின்னால் பொதுக் கிணறும் அதன் மோட்டார் ரூமும். கிணற்றுத் தண்ணீர் அண்ணனுக்கு நாலு நாள், தம்பிக்கு நாலு நாள். பொழுது விழும்போது முறை மாறும். அடுத்தவர் முறையில் கண்ணெதிரே பயிர் வாடினாலும் மோட்டார் போடக்கூடாது. அப்பன் காலத்திலிருந்து வரும் கட்டுப்பாடு அது. பேச்சு நின்ற பிறகும் அதில் ஒரு நாழிகை பிசகியதில்லை என்றார்கள்.

புகை மெஷினையும் அப்படியே முறை வைத்திருந்தார்கள். நாலாம் நாள் பொழுதோடு துடைத்து, மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே இருக்கும் பலகையில் வைத்துவிட்டுப் போவார் ஒருவர். அவர் தலை மறைந்ததும் மற்றவர் வந்து எடுத்துக்கொள்வார். முறை இல்லாத நாலு நாளும் மருந்து கிடையாது. பயிற்சியும் செய்வதில்லை. வழக்கமாக வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர் பம்ப்பைக்கூடத் தொடுவதில்லை என்று அண்ணன் சொன்னபோது எனக்குப் புரியவில்லை.

"பம்ப் உங்களுடையதுதானே ஐயா? அதற்கு என்ன முறை?"

"மூச்சுக்குன்னு ஒதுக்கின நாளு அவருதுங்க. அந்த நாள்ல நான் ஒண்ணு இழுத்தா அது திருட்டுத் தண்ணி பாயிச்ச மாதிரி."

பயிரும் உடம்பும் ஒன்றல்ல என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "தண்ணிக்கு ஒரு நாயம், காத்துக்கு ஒரு நாயமுங்களா?" என்றார். கடைசியில் செரிங்க என்றார். எதிர்வீட்டுக்குப் போய்த் தம்பியிடமும் சொன்னேன். அவரு செரின்னுட்டாருங்களா என்று கேட்டார். சொன்னார் என்றேன். அப்ப நானும் செரிங்க என்றார். அவர் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். எதுவும் மாறப்போவதில்லை என்பது அந்த அம்மாள் முகத்தில் தெரிந்தது.

மாறவும் இல்லை. தலைமை மருத்துவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு இரண்டு பேருடைய தாள்களையும் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார். ஆய்வை முடித்துக்கொண்டு யாராவது கருவியைத் திருப்பித் தந்ததும் அந்த வாசலுக்கு இரண்டாவது ஒன்று அனுப்பலாம் என்றார்.

அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு மாலை அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. அதுவரை அவர் எனக்கு அழைத்ததே இல்லை.

"அம்முணி, உங்க ஆளுங்கள்ல ஒருத்தன் கொறஞ்சுபோனானுங்க" என்றார். எனக்கு விளங்குவதற்குள், "மெஷினு என்றகிட்டத்தான் இருக்குது" என்றார். வைத்துவிட்டார்.

தம்பிக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூச்சு முட்டியிருக்கிறது. கார் வரவழைத்து ராசிபுரம் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் காகிதங்களை வரவழைத்து எங்கள் மருத்துவர் பார்த்தார். இதயம் நின்றிருக்கிறது, ஆய்வோடு தொடர்பில்லை என்று முடிவாயிற்று. நான் அவருடைய கோப்பை மூடினேன்.

மூடுவதற்கு முன் ஒரு காரியம் செய்ய வேண்டியிருந்தது. வருகிறவர்களின் நெஞ்சுச் சத்தத்தை மின் ஸ்டெதஸ்கோப்பில் பதிந்து வைப்போம். பதிவு முழுமையாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். இறந்தவர்களுக்காகச் செபிப்பது சிறு வயதிலிருந்து பழக்கம். அந்த வாரம்தான் கல்லறைத் திருநாளும் முடிந்திருந்தது. அம்மாவின் கல்லறையைக் கழுவி, சாமந்திப் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தவள், இறந்த ஒருவரின் மூச்சைக் காதில் மாட்டிக் கேட்டேன். இடப்பக்கம் அடியில், காய்ந்த சருகை யாரோ மெதுவாக மிதிப்பதுபோல ஒரு நொறுநொறுப்பு. நடுவில் என் குரல், இழுங்க, விடுங்க என்று. அவர் இழுத்தார், விட்டார். முடிந்தபோது அறையில் யாரோ கூடுதலாக இருப்பதுபோல இருந்தது. விசிறியை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இனி அந்த வாசலில் ஒருவர்தான், கருவியும் ஒன்று, இரண்டாவது தேவைப்படாது என்றார் மருத்துவர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காரியமெல்லாம் முடிந்து அண்ணன் வந்தார். பின்படியில் இறங்கினாராம். எதிர்ச்சுவரோரம், தம்பி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். மஞ்சள் பையைத் திறந்தேன். சரிபாதிக் குப்பிகள் உடைக்காமல் இருந்தன. பம்ப்பில் மிச்சத்தைக் காட்டும் எண்ணும் பாதியில்தான் நின்றது. வராந்தாவில் நடக்கவைத்துப் பார்க்கும் சோதனையில் முன்பு கடைசிவரை நடந்தவர், பாதி தூரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டார். விரலில் மாட்டிய கருவி காட்டிய ஆக்சிஜன் அளவு எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்றேன். எடுக்கறனுங்க என்றார்.

மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாலு நாள் எடுத்து நாலு நாள் விட்டால் நெஞ்சில் சளி கெட்டியாகிக்கொண்டே போகும், இவர் மார்கழிப் பனியைத் தாண்டுவது கஷ்டம் என்றார். போய் என்ன என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொல்லிமலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. கோழிப்பண்ணை வாடை ஈரக்காற்றோடு வந்தது. முதலில் மோட்டார் ரூமைத்தான் பார்த்தேன். பலகையில் கருவி இல்லை, அது இருந்த இடம் மட்டும் தூசில்லாமல் நாற்சதுரமாகத் தெரிந்தது. அப்படியானால் அண்ணன் எடுத்துப் பயன்படுத்துகிறார் என்று ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது.

பெரிய வீட்டுக்குள் அவர் கட்டிலில் முன்னால் சாய்ந்து, முழங்காலில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தார். மூச்சு கிடைக்காதவர்கள் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் இருப்பு அது. விளக்குப் போடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கருவி இல்லை. மெஷின் எங்கே ஐயா என்று கேட்க வாயெடுத்தேன்.

அப்போதுதான் அது ஓடத் தொடங்கியது. எதிர்வீட்டிலிருந்து வந்தது. அந்தச் சத்தத்தை நான் தினமும் கேட்கிறவள். தவறாக எண்ண வழியில்லை.

பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கண் வாசல் பக்கம் திரும்பியதைப் பார்த்துவிட்டார்.

"உங்களுக்கும் கேக்குதுங்களா அம்முணி?"

கேட்கிறது என்றேன்.

அவர் மூச்சு வாங்க, விட்டு விட்டுச் சொன்னார். தம்பி இறந்து காரியம் முடிந்த அன்று முறை மாறும் நாள். பழக்கத்தில் மெஷினைத் துடைத்து மோட்டார் ரூமில் வைத்தாராம். வைத்த பிறகுதான், எடுக்க ஆள் இல்லையே என்று தோன்றியதாம். காலையில் போய்ப் பார்த்தால் பலகை காலி. பொழுதோடு எதிர்வீட்டில் மெஷின் ஓடியது. நாலு நாள் கழித்து, துடைத்தபடி, பலகைக்குத் திரும்பி வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அப்படியே நடக்கிறது. தனக்கு மட்டும்தான் அந்தச் சத்தம் கேட்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம். யாரைக் கேட்பது? கேட்டு, அப்படி ஒன்றும் ஓடவில்லையே என்று சொல்லிவிட்டால்? அதனால் கேட்கவில்லை.

"உங்கள் தம்பி மனைவிதான் ஓட்டுவார், வேறு யார்?" என்றேன்.

"இருக்குமுங்க. அவன் இருந்தப்ப எந்நேரத்துக்கு ஓடுமோ அந்நேரத்துக்கு ஓடுதுங்க."

அந்த நாட்களில் மருந்தை ஏன் எடுப்பதில்லை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அவன் செத்தது என்னோட முறையிலீங்க. அன்னிக்குக் காலையில இழுக்கறது தள்ளிப்போயி, மத்தியானம் நான் இதே கட்டல்ல மூஞ்சில மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவன் இருமுறது கேட்டுச்சு. மெஷின் சத்தத்துல கேக்கலைன்னு ஊருக்குச் சொல்லிக்கலாம். கேட்டுச்சுங்க. வாசலத் தாண்டுனா அவன் ஊடு. எடுத்துக்கிட்டுப் போயி வெச்சிருக்கலாம். பேசக்கூட வேண்டியதில்ல."

அந்த நேரத்தில் இந்தக் கருவி அவருக்கு எந்த உதவியும் செய்திருக்காது, இதில் ஊற்றுவது உப்புத்தண்ணீர், நின்றுபோனது இதயம் என்று அவருக்குப் புரியும்படி சொன்னேன். மருத்துவரும் அதையே சொன்னார் என்றேன். தலையை ஆட்டினார்.

"உப்புத்தண்ணியோ என்னமோ. கேட்டுக்கிட்டு இருந்தேனுல்லங்க."

எதிர்வீட்டில் சத்தம் நின்றபாடில்லை. நான் எழுந்து வாசலைக் கடந்து போனேன்.

அந்த அம்மாள் அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே வெறும் கயிற்றுக்கட்டில். கட்டில் காலடியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முகமூடி கட்டில் கால் முனையில் மாட்டியிருந்தது. ஆவி வரவில்லை. கிண்ணத்தில் ஒன்றும் ஊற்றாமல் வெறும் காற்றை ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நிறுத்தப் போனார். இருக்கட்டும் அக்கா என்றேன்.

"சத்தமில்லாம சோறு எறங்கறதில்லீங்க" என்றார். பிறகு, தவறு செய்து பிடிபட்டவர்போல விளக்கினார். "எடுக்காம வுட்டா எங்க முறை போச்சுன்னு ஆயிருமுங்க. முறை போச்சுன்னா அப்பறம் ஆளும் போன மாதிரிதானுங்களே."

பெரியவர் இந்த நாலு நாளும் மருந்தே எடுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. கரூர் மகள் வேறு மெஷின் வாங்கிக் கொடுத்திருப்பாள் என்று நினைத்தாராம். அவர் எப்படி இருக்கிறார், மருத்துவர் என்ன சொன்னார் என்பதை மறைக்காமல் சொன்னேன். பனி தாண்டமாட்டார் என்றதும் குனிந்து சுவிட்சை அணைத்தார். அந்த வீட்டில் அவ்வளவு அமைதி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அன்று மதியம் நடந்ததை அப்போதுதான் சொன்னார். கணவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும், நான் போய் மெஷினை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று இவர் எழுந்திருக்கிறார். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

"'வேண்டாம், இன்னிக்கு அண்ணன் முறை'ன்னாரு. பத்து வருசமா பெரிய ஊட்டுக்காரருன்னுதானுங்க சொல்லுவாரு. அண்ணன்னு அன்னிக்குத்தான் வாயில வந்துச்சு."

இதை நான் போய் அவரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். கேட்டுவிட்டு நானே வேண்டாம் என்று நினைத்தேன். என் வாயிலிருந்து வந்தால், மருத்துவமனைக்காரி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வார். நீங்களே வந்து சொன்னால் நல்லது என்றேன். அந்த அம்மாள் என்னை வியப்போடு பார்த்தார். அவர்கள் வழக்கத்தில் தம்பி மனைவி கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. மச்சாண்டார் என்றால் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நிற்பதே மரியாதைக் குறைவு. முப்பது வருடத்தில் அவரிடம் ஒரு வார்த்தை நேராகச் சொன்னதில்லை என்றார். சொல்ல வேண்டியதைக் கன்றுக்குட்டியிடமோ கணவரிடமோ உரக்கச் சொல்வார், அவர் காதில் விழும். இப்போது கணவரும் இல்லை, கன்றும் இல்லை.

உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். மழை மெல்லத் தூறியது. அவர் வெளியே வந்தபோது முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தார். கையில் மெஷின் இருந்தது. வயரைச் சுற்றித் துடைத்திருந்தார்.

பெரிய வீட்டு நிலைக்கு வெளியே, கிணற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பெரியவர் கட்டிலிலிருந்து எழப் பார்த்தார், முடியவில்லை. அந்த அம்மாள் கிணற்றைப் பார்த்துக்கொண்டே, அன்று மதியம் நடந்ததைச் சொன்னார். என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அண்ணன் முறை என்ற இடம் வந்தபோதும் குரல் ஏறவில்லை.

பெரியவருக்கு மூச்சு இரைத்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்ல" என்றார். தம்பியிடம்தான் கேட்டார் என்று எனக்குப் பட்டது.

பதில் வாசலிலிருந்து வந்தது. "கேக்காமலே குடுத்திருக்கலாமுங்க மாமா."

அவர் முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. எனக்கும்தான். ஆனால் அந்த அம்மாள் அதோடு நிற்கவில்லை. நிலையைத் தாண்டி உள்ளே வந்தார். மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார். முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

"இன்னிக்கு எங்க முறைங்க. எங்க முறையில யாரு இழுக்கோணும்னு சொல்றது நானு. நீங்க இழுங்க."

பெரியவர் கையை நீட்டவில்லை. மறுக்கவும் இல்லை. அந்த அம்மாள் என்னிடம் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கேட்டார். ஒரு குப்பி முழுதும் என்றேன். நான் விளக்கைப் போட்டு, முதலில் அவரைப் பம்ப்பை இழுக்க வைத்தேன். அந்த அம்மாள் குப்பியின் கழுத்தைத் திருகி உடைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றி மூடினார். முகமூடியை நான்தான் மாட்டிவிட்டேன். வாரைத் தலைக்குப் பின்னால் இழுத்தபோது அவர் கழுத்து வேர்த்திருந்தது. சுவிட்சைப் போட்டதும் ஆவி வந்தது. முதல் இழுப்பில் இருமினார். இருமல் அடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு இழுக்க ஆரம்பித்தார்.

ஆவி அடங்கும் நேரத்தில் மெஷின் சத்தம் மாறி, விட்டுவிட்டுச் சீறியது. நான் அணைத்து, முகமூடியைக் கழற்றினேன். உதட்டைக் குவித்து ஊதவும், ஹா என்று தள்ளவும் சொன்னேன். செய்தார். அடியிலிருந்து சளி திரண்டு வந்தது, துப்பினார். பல நாள் சளி. ஸ்டெதஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்துக் கேட்டேன். இடப்பக்கம் அடியில் அதே சருகுச் சத்தம். யாருடைய நெஞ்சைக் கேட்கிறேன் என்று ஒரு கணம் குழம்பிப்போய், காதிலிருந்து எடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் மருந்துக் கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது.

"இது மிஞ்சிப்போச்சுங்களே."

அது மிஞ்சத்தான் செய்யும், கடைசிச் சொட்டு மெஷினுக்கு எட்டாது, எத்தனை நேரம் ஓட்டினாலும் ஆவியாகாது என்றேன்.

"எல்லா நாளும் மிஞ்சுமுங்களா?"

"எல்லா நாளும், எல்லாருக்கும்."

பெரியவர் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொரு தடவை உதட்டைக் குவித்து நீளமாக ஊதினார்.

"செரி" என்றார். "அப்ப அது அவனுக்கு இருக்கட்டும். மத்ததெல்லாம் நான் இழுத்துக்கறேன்."

அந்த அம்மாள் கை நீட்டிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். கழுவிக் கவிழ்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்கிற நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. மழையில் அதைப் பிடித்துக்கொண்டு, சிந்திவிடாமல், மெதுவாக எதிர்வீட்டுக்கு நடந்தார்.